கைப்பிடிச் சுவர் இல்லாத இல்லங்கள்

அடக்கத் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு: 'எல்லாம் இறைசித்தம்.' எண்பது வயதைக் கடந்த ஒரு தாய் நள்ளிரவில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆறு வாரம் படுக்கையில் கிடந்து, படுக்கைப்புண்ணும் நிமோனியாவுமாக மடிந்த பின்னரும் அதையே சொல்கிறோம். அண்மையில் நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது இது. உள்ளே தாழிட்டிருந்த கதவு. அதுவும் உட்புறமாகத் திறக்கும் கதவு. விழுந்த உடலே அதனை அடைத்துக்கொண்டது. அண்டை வீட்டார் கடப்பாரை கொண்டுவந்து கதவைப் பெயர்த்தெடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அத்தாய் உள்ளிருந்து மகனின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். மகன் இருந்தது வளைகுடா நாட்டில்.

இதில் இறைசித்தம் எது? ஈரம் பட்டால் கண்ணாடியாகும் தரையைத் தேர்ந்தெடுத்தவர் இறைவனா? பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாமல் சுவரை மொட்டையாக விட்டவர் இறைவனா? நமது கவனக்குறைவுக்கு அவரது பெயரைச் சூட்டுவது ஆறுதல் அன்று, பழி சுமத்துதல்.

இறைசித்தம் என்னவென்று அறிய விரும்புவோர் இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், 8ஆம் வசனத்தை எடுத்துப் பார்க்கட்டும். புதிதாக வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு எவரேனும் விழுந்தால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் இருக்கும் என்பது அங்குள்ள கட்டளை. அந்நாட்டு வீடுகளின் கூரை தட்டையானது. மக்கள் அங்கே உலாவினர், உறங்கினர், மன்றாடினர்; யோப்பாவில் பேதுரு இறைவேண்டல் செய்யச் சென்றதும் வீட்டின் மேல்தளத்திற்கே. ஆகவே விழும் இடம் எதுவென அறிந்து அங்கே சுவர் எழுப்பச் சொன்னது சட்டம். விழுந்தவன் கவனமாக நடந்திருக்க வேண்டும் என்று அது வாதிடவில்லை. பொறுப்பைக் கட்டியவன் தலையில் வைத்தது.

நாமும் மொட்டைமாடிக்குச் சுவர் எழுப்பத்தான் செய்கிறோம். ஆனால் முதியோர் விழும் இடம் மொட்டைமாடி அன்று. குளியலறை, வாசற்படி, கட்டிலோரம். அங்கே என்ன எழுப்பியிருக்கிறோம்?

நமது ஊர்களில் வெளிநாட்டு வருவாயால் எழும்பும் புதிய வீடுகளைப் பாருங்கள். முகப்பில் பளிங்குக்கல், கூடத்தில் முகம் பார்க்கத்தக்க டைல்ஸ், வாசலில் கைப்பிடியற்ற ஐந்து படிகள். பங்குத்தந்தை வந்து மனை மந்திரிக்கிறார். ஊரே விருந்துண்டு பாராட்டுகிறது. அடுத்த மாதம் மகன் விமானம் ஏறுகிறான். எஞ்சுகிறவர்கள் வயது முதிர்ந்த இருவர்; அம்மாளிகையின் ஊதியமில்லாக் காவலாளிகள். திரு இருதய ஆண்டவர் படத்தின் முன் இரவெல்லாம் சிவப்பு விளக்கு எரிகிறது. படுக்கையறையிலிருந்து கழிப்பறை செல்லும் வழியிலோ இருட்டு. அறுபது வயதில் விழித்திரையைச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பர் கண்ணியல் அறிந்தோர். ஆண்டவருக்குப் பார்வை மங்கவில்லை. விளக்கு வேண்டியது அந்த நடைவழியில்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் விழுந்து இறப்போர் ஏறத்தாழ 6,84,000 பேர். அவர்களுள் மிகப் பலர் 60 வயதைக் கடந்தோர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அவ்வயதினர். எனவே இது ஏதோ ஒரு வீட்டுத் துயரம் அன்று.

செய்ய வேண்டியவற்றில் பெரிய பொறியியல் ஏதுமில்லை. கழிப்பறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் ஆழத் துளையிட்டுப் பொருத்திய எஃகுக் கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பற்றி எழ முயன்று கம்பியோடு விழுந்தவர்களை நாம் அறிவோம். அது துண்டைத் தாங்கவே மாட்டப்பட்டது. குந்தி அமர முடியாத முழங்கால்களுக்கு உயரமான மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும். தரைக்குச் சொரசொரப்பான ஓடு. இயலாவிடில் உறிஞ்சிப் பற்றிக்கொள்ளும் இரப்பர் விரிப்பு. குளிப்பதற்கு அசையாத நாற்காலியும், குனியாமல் நீர் மொள்ளும் உயரத்தில் வாளி வைக்க ஒரு மேடையும். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நீக்கத்தக்கதாக இருக்கட்டும். வாசற்படியின் விளிம்பில் அடர்ந்த வண்ணத்தில் ஒரு கோடு. கூடத்தில் நழுவும் கால்மிதியடியை இன்றே எடுத்தெறியலாம். அதற்குக் கொத்தனாரும் வேண்டாம். இரத்த அழுத்தத்திற்கும் உறக்கத்திற்கும் மாத்திரை உண்போர் சட்டென எழுந்தால் தலை சுற்றும். கட்டிலின் விளிம்பில் சற்று அமர்ந்து, பின் எழச் சொல்லுங்கள். கட்டில், அமர்ந்தால் பாதம் தரையில் படியும் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம்.

'அப்பா ஒத்துக்கொள்வதில்லை, எனக்கென்ன கிழடு தட்டிவிட்டதா என்று சினக்கிறார்' என்பது பிள்ளைகளின் மறுமொழி. உண்மைதான். ஊரில் தலைநிமிர்ந்து நடந்தவருக்குச் சுவர்க்கம்பியைப் பிடிப்பது தோல்வியாகவே தோன்றும். ஆனால் அவர் நீரிழிவு மாத்திரையையும் முதலில் மறுத்தார், அதற்காக விட்டுவிட்டோமா? கைப்பிடியை அவருக்கென்று பொருத்தாமல் வீட்டுக்கென்று பொருத்துங்கள். மருமகளும் பேரனும் பிடித்து நடக்கும் கம்பியைத் தாத்தா மட்டும் வெறுக்கமாட்டார்.

இதனினும் கொடியது மற்றோர் எல்லை. ஒருமுறை தடுமாறியதும் 'எழுந்திராதீர்கள், வெளியே போகாதீர்கள், சமையலறைப் பக்கம் வராதீர்கள்' என்று அன்பின் பெயரால் கட்டிலோடு கட்டிப்போடுகிறோமே, அது பாதுகாப்பு அன்று. நடவாத கால் தசை இழக்கும். தசை இழந்த கால் அடுத்த முறை உறுதியாகத் தடுமாறும். காலைத் திருப்பலிக்கு நடந்து சென்ற பாட்டியை வீட்டினுள் அடைத்துத் தொலைக்காட்சித் திருப்பலி பார்க்கச் செய்வோர், அவர் விழும் நாளைத் தாமே அருகில் அழைக்கின்றனர். முதியவர் நடப்பதற்காகவே வீட்டைத் திருத்தச் சொல்கிறோம், நடவாதிருப்பதற்காக அன்று.

வீட்டைத் திருத்த மனமில்லாதவர்கள் முதியவரை இடம் மாற்றுகின்றனர். முதியோர் இல்லங்களில் பணிபுரியும் அருள்சகோதரிகளை நாம் குறை கூறவில்லை. எவருமற்றோருக்கு அவர்களே உறவு. ஆனால் அவர்களுள் ஒரு பெரும் சபையை நிறுவிய புனித ஜான் ஜூகன் எங்கே தொடங்கினார்? 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டின் சேன் செர்வான் என்னும் ஊரில், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் வீட்டுக்கே கொண்டுவந்து, தம் படுக்கையையே கொடுத்தார். மேலும் பலர் சேர்ந்தபோது, 1841இல் பெரியதொரு கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார். முதியவருக்கு ஏற்ப வீடு மாறிற்று. 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். நாமோ மகன் உண்டு, மருமகள் உண்டு, நான்கு அறையும் உண்டு. ஒரு கைப்பிடி இல்லாமையால் தாயை அனுப்புகிறோம்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதனுள் உணவு, உடை, மருத்துவத்தோடு உறைவிடத்தையும் சேர்க்கிறது. வழுக்கும் தரையும் இருண்ட நடைவழியும் உறைவிடமாகுமா என்று நீதிமன்றம் கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்ளலாம்.

பங்குகளும் தப்ப முடியாது. புதுப்பித்த ஆலயங்களுக்குப் பளபளக்கும் கிரானைட் படி போட்டோம். ஓரத்தில் கைப்பிடி போட்டோமா? முதல் வெள்ளிதோறும் நோயாளர்க்கு நற்கருணை கொண்டுசெல்லும் குருக்கள் எத்தனை குளியலறைகளை எட்டிப் பார்த்திருப்பர்? ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு கொத்தனார், ஒரு தச்சர், ஒரு குழாய்ப் பணியாளர் இருக்கிறார்; வின்சென்ட் தே பவுல் சபையிடம் சிறிது நிதியும் இருக்கும். திருவிழா வாணவேடிக்கையில் ஓர் இரவைக் குறைத்தால், முதியோர் தனித்து வாழும் வீடுகளுக்கேனும் கைப்பிடி பொருத்திவிடலாம். மனை மந்திரிக்க வரும் குரு, தீர்த்தம் தெளிக்கக் குளியலறைக்குள்ளும் சென்று, அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லையெனில் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டு வரட்டும்.

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட இல்லத்திற்கு முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்குப் பின் சென்றிருந்தோம். மகன் வந்திருந்தார். கூடத்தில் தாயின் பெரிய வண்ணப்படம். அதன் முன் சிறு மின்விளக்கு. கடப்பாரையால் பெயர்க்கப்பட்ட கதவுக்குப் பதிலாகப் புதுக்கதவு மாட்டியிருந்தார்கள். நல்ல தேக்கு. கை கழுவச் சென்றபோது தள்ளிப் பார்த்தோம். உட்புறமாகவே திறந்தது. உள்ளே முற்றத்தில் தந்தை அமர்ந்திருந்தார். அவருக்கு எண்பத்து நான்கு வயது.