இரண்டாவது முருகேசன்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் செல்போனை வாங்கி ஏதோ தடவினான். "மாமா, புது வெர்ஷன் போட்டுட்டேன். ஊர்ல இன்னும் யாருக்கும் வரலை. பீட்டா!" என்று திருப்பதி லட்டு மாதிரி கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் மளிகைக் கடையில் பாங்க் ஆப் திறக்கவில்லை. அரை கிலோ உளுத்தம்பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிந்தேன். "பரவால்ல சார், நாளைக்குக் கொடுங்க" என்றார் கடைக்காரர். பையனுக்குப் போன் போட்டால், "அதான் மாமா பீட்டா. இந்த மாதிரி ஆச்சுன்னா நீங்க ரிப்போர்ட் பண்ணணும்" என்கிறான்.

சாமான் அவர்களுடையது. சோதித்துச் சொல்ல வேண்டியவன் நான். சம்பளம் கிடையாது!

பீட்டா என்பது கிரேக்க எழுத்தில் இரண்டாவது. நம் 'ஆ' மாதிரி. ஆவென்று வாயைப் பிளக்க வைப்பதால் பொருத்தம்தான். ஒரு சாஃப்ட்வேரை எழுதினவர்கள் தங்கள் ஆபீசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தால் ஆல்ஃபா. ஓரளவு தேறினதும் வெளியாட்கள் சிலரிடம் கொடுத்து, 'இஷ்டம் போல் உபயோகியுங்கள், எங்கே இடறுகிறது சொல்லுங்கள்' என்றால் பீட்டா. சமைத்தவரே உப்புப் பார்ப்பதற்கும், பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

வெளியாள் எதற்கு? எழுதினவனுக்குத் தன் தப்பு கண்ணில் படாது. வயது என்ற கட்டத்தில் அவன் சமர்த்தாக 25 என்று போட்டுப் பார்ப்பான். நாம் பிறந்த தேதியைப் போடுவோம். போடாமலே பட்டனை நாலு தடவை அமுக்குவோம். அதை எந்தப் பொறியாளரும் ரூம் போட்டு யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ். அப்போது விண்டோஸ் 98 கடைக்கு வரவில்லை. கூட இருந்தவர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். அவ்வளவுதான், ஊரறிய நீலத் திரை! அரங்கமே சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளித்தார். ஜூனில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய விண்டோஸ் 95-இன் சோதனைப் பதிப்பையோ அமெரிக்காவில் ஏறக்குறைய 20 டாலருக்கு விற்றே விட்டார்கள். காசு கொடுத்துத் தப்புக் கண்டுபிடிக்க ஜனங்கள் வாங்கினார்கள்!

கூகிள்காரர்கள் வேறு ரகம். ஜிமெயில் 2004 ஏப்ரல் 1ஆம் தேதி பீட்டா என்ற பெயரோடு வந்தது. அந்தப் பட்டத்தை எடுத்தது 2009 ஜூலையில். ஐந்து வருஷத்தில் பிறந்த குழந்தை எல்.கே.ஜி. போய்விடும். கோடிக்கணக்கான பேர் உபயோகித்த பிறகும் பீட்டா என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தோன்றுகிறது: 'ஏதாவது ஆனா எங்களைக் கேக்காதீங்க.'

மெயில் போகாவிட்டால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். சம்பளம்?

1997. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் நான் ஜூனியர். சம்பளக் கணக்குப் போட சாஃப்ட்வேர் வந்தது. எழுதின இரண்டு பையன்கள் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். "இது இன்னும் டெஸ்டிங்லதான் சார் இருக்கு. மூணு மாசத்துக்குக் கையால எழுதற ரிஜிஸ்டரையும் விடாதீங்க. ரெண்டையும் ஒத்துப் பாருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். பாரலல் ரன் என்று பெயர். உருப்படியான யோசனை.

முதல் மாதம் ஆபீஸ் ஸ்டாஃப் மட்டும். காலணா பிசகாமல் ஒத்துப்போனது. மானேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு வேலை எதுக்குய்யா? ரிஜிஸ்டரை மூடுங்க. கோடவுன் ஆளுங்களையும் இந்த மாசமே கம்ப்யூட்டர்ல ஏத்துங்க" என்றார். எங்கள் ஹெட் கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்ப்பைத் தெரிவிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. பட்டியலை ஏற்றினவன் நான்தான்.

அந்த மாதம் அக்டோபர். கடைசியில் தீபாவளி. முன்கூட்டியே கவரில் போட்டுச் சம்பளம். வரிசையின் வாலில் கோடவுன் லோடுமேன் ஒருத்தர். பெயர் எம். முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உன் பேர்ல கவர் இல்லையேப்பா. முருகேசன் வாங்கிட்டுப் போயாச்சே" என்றார் கேஷியர்.

"நான் வாங்கலீங்களே சார்."

"ரெண்டு வாட்டி வாங்கலாம்னு பாக்கறியா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முருகேசன் என்னைப் பார்த்தார். நான் லிஸ்டைப் பார்த்துவிட்டு, "ஒரு பேர்தான் இருக்கு. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்க" என்றேன். எனக்கு வயசு இருபத்திமூன்று. இன்றைக்கும் ராத்திரி தூக்கம் வராவிட்டால் அந்த வாக்கியம்தான் முதலில் வந்து நிற்கிறது.

ஹெட் கிளார்க் எழுந்து வந்தார். கையில் ரிஜிஸ்டர். மானேஜர் மூடச் சொன்ன அதே ரிஜிஸ்டர்! ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் மனுஷன். அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு எம். முருகேசன். ஒருவர் வாட்ச்மேன், அடுத்தவர் லோடுமேன். டோக்கன் நம்பர் வேறு வேறு. சாஃப்ட்வேருக்குப் பெயர்தான் அடையாளம். ஒரே பெயரை நான் இரண்டு தடவை டைப் அடித்துவிட்டதாக நினைத்து, இரண்டாவதைச் சத்தம் போடாமல் அழித்துவிட்டது. தமிழ்நாட்டில் ஓர் ஆபீசில் இரண்டு முருகேசன் இருக்கமாட்டார்கள் என்று யார் நம்பினார்களோ!

"மொத்தத்துல ஒரு ஆள் சம்பளம் குறையுதுன்னு காலையிலயே எழுதி வெச்சேனே" என்றார். வைத்திருந்தார். மானேஜர் மேஜையில், பேப்பர் வெயிட்டுக்கு அடியில், மடிப்புக் கலையாமல் இருந்தது.

பாங்க் மூடியாயிற்று. ஹெட் கிளார்க் தன் கவரைப் பிரித்து முருகேசன் கையில் எண்ணிக் கொடுத்தார். ஆபீஸ் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது தீபாவளி கழித்துத்தான்.

மறு வாரமே அந்தப் பையன்கள் ஓடி வந்தார்கள். பெயருக்குப் பதில் டோக்கன் நம்பரை வைத்து மாற்றிக் கொடுத்தார்கள். தங்கள் ஆபீசில் இருபது கற்பனைப் பெயர்களைப் போட்டுத்தான் ஓட்டிப் பார்த்தார்களாம். இருபதும் வேறு வேறு பெயர். ஒருத்தன் கோடவுன் வரைக்கும் போய் முருகேசனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். நான் போகவில்லை. கூச்சம்.

ரிஜிஸ்டர் இன்னும் ஆறு மாதம் எழுதினோம்.

அதற்கப்புறம் மாசக் கடைசி நெருங்கினால் முருகேசன் எங்கள் செக்‌ஷன் வாசலில் வந்து நிற்பார். "சார், இந்த மாசம் நான் இருக்கேனா?"

லிஸ்டை அவரிடமே நீட்டிவிடுவேன். மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வருவார். தன் நம்பர் வந்ததும் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்.