பறிக்கிறவருக்குப் பேர் எங்கே?



சித்திரை சீசனில் தொடங்கி, கச்சான் காற்று எங்கள் கல்முனைக் கரையில் அனலாய் அடிக்கிற மாதங்கள் முடியும்வரை, ஹயஸ் வேன்கள் மலைக்கு ஏறிக்கொண்டே இருக்கும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை என்று எந்த ஊரைக் கேட்டாலும் பெருநாளைக்குப் பிறகு நுவரெலியாவுக்கு ஒரு பயணம். ஏரியைப் பார்ப்பது, பூந்தோட்டத்தைப் பார்ப்பது, கடைசியில் ஸ்ட்ரோபெரித் தோட்டம். வாசலில் காசைக் கட்டிக் கூடையை வாங்கினால் பிள்ளைகள் தாங்களே பழம் பறிக்கலாம், படமும் பிடிக்கலாம். கரையில் பிறந்து, மலையில் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிற எங்களிடம் சொந்தக்காரர் கேட்பதும் அதைத்தான்: "நல்ல பழத் தோட்டம் எது மனே?"

போக வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வெயிலில் வெந்த பிள்ளைகள் குளிரில் நின்று ஒரு பழத்தைப் பறித்துத் தின்றால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் உங்கள் பிள்ளை கூடையோடு நுழையும்போது, அதே தோட்டத்தில் விடிந்தும் விடியாததுமாக ஒரு தாய் பறித்து முடித்திருப்பாள். அவளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

ஸ்ட்ரோபெரி செடியிலேயே பழுக்க வேண்டிய பழம். வாழைக்குலையைப் போலக் காயாய் வெட்டி வைத்துப் பழுக்கவைக்க முடியாது. ஒரு நாள் முந்தினால் புளிக்கும், ஒரு நாள் பிந்தினால் அழுகும். அதனால் பெருநாள் என்றும் போயா என்றும் பாராமல், சூடு ஏறுமுன் பறித்தாக வேண்டும். சதையில் விரல் படாமல், பச்சை இதழும் கொஞ்சம் காம்பும் சேர நகத்தால் கிள்ள வேண்டும். தேயிலைச் செடி இடுப்பளவு. பாத்தியில் கிடக்கும் இந்தச் செடியோ கணுக்காலளவு. பத்து நிமிடம் குனிந்து பறித்தால் விளையாட்டு. காலை முழுக்கக் குனிந்தவளின் முதுகைக் கேட்டுப் பாருங்கள்.

மருந்தையும் மறக்க வேண்டாம். எங்கள் கரையைக் காயவைக்கிற அதே காற்றுத்தான் மலையின் மேற்குச் சரிவில் மழையாய்க் கொட்டிவிட்டு வருகிறது. அந்த ஈரத்தில் பழத்தில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும், அதற்கு மருந்தடிப்பார்கள். மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது போத்தலில் எழுதியிருக்கும். அந்தப் போத்தலைப் பறிக்கிற பெண்ணுக்கு யார் காட்டுகிறார்கள்? கையுறை யார் கொடுக்கிறார்கள்?

இனிக் கூலி. எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் இப்படியான தோட்டங்களுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் நாட்கூலிக்குப் போகிறார்கள். "அங்க பேர் போடுறதில்ல சேர், பின்னேரம் கையில தருவாங்க" என்கிறார்கள். ஏன் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? தோட்டத்தில் வேலை நாள் குறைகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். வீட்டில் அரிசி முடிந்திருக்கும்போது கைக்காசு பெரிய காசாகத்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

குறை கூலி கொடுப்பவர் மேல். "இது தேயிலை இல்லை, தோட்டச் சட்டம் இங்கே செல்லாது" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இது பொய். சம்பள நிர்ணய சபை தேயிலைக்குச் சொன்ன தொகை பழத் தோட்டத்துக்குப் பொருந்தாது என்றே வைத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் இருக்கிறதே. 2025இல் அதைத் திருத்தினார்கள். 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1200 ரூபா என்பது அதன் கணக்கு. தேயிலையா ஸ்ட்ரோபெரியா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

சேமலாப நிதியும் அப்படித்தான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரே ஓர் ஆளை வேலைக்கு வைத்தாலும் முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும், தொழிலாளியின் பங்கு 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். நாட்கூலி, கொந்தரப்பு, கிலோக்கணக்கு என்று எந்தப் பேரில் வைத்தாலும் இதே விதிதான். மாதம் 25 நாள், நாளுக்கு 1200 என்றால் 30,000. அதில் முதலாளியின் 15 வீதம் 4500 ரூபா. ஒரு வருடத்தில் 54,000 ரூபா. பேர் போடாத ஒவ்வொரு பெண்ணிடமிருந்தும் வருடத்துக்கு அவ்வளவு போகிறது. பின்னேரம் கையில் கொடுக்கிற காசைப் பார்த்தால் இந்தக் காசு கண்ணில் படாது. ஐம்பத்தைந்து வயதில் முதுகு மடங்கி வீட்டில் இருக்கும்போதுதான் தெரியவரும்.

"சின்னத் தோட்டம், தாங்காது" என்பது அடுத்த கதை. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டு, பெண்சாதி பிள்ளைகளோடு தானே கொத்துகிறவர் சின்ன விவசாயி. அவர் நம்முடைய ஆள், அவரோடு நமக்கு வழக்கில்லை. வாசலில் டிக்கெட் வெட்டி, உள்ளே ஜாமும் ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் விற்று, வேன் நிறுத்தவும் இடம் வைத்திருப்பவர் எப்படிச் சின்ன ஆள்? பழத்தை விற்கிறார், பழம் பறிக்கும் வேலையையும் விற்கிறார். சுற்றுலா வந்தவர் காசு கொடுத்துச் செய்கிற அதே வேலையைச் செய்தவளுக்குக் காசு கொடுக்கும்போது மட்டும் கை நடுங்குகிறது.

சம்பள மேடைகளில் ஏறுகிற சில தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021இல் 1000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1350, பிறகு 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1750 என்ற அறிவிப்பு. இவை பெரிய போராட்டங்கள், குறைத்துப் பேசவில்லை. ஆனால் செக்ரோலில் பெயருள்ளவருக்குத்தான் அந்தத் தொகை. பெயரில்லாதவரிடம் சந்தா வெட்ட வழியில்லை, அதனால் அவரைப் பற்றிப் பேச ஆளும் இல்லை. லயத்திலே இருந்துகொண்டு வெளியே கூலிக்குப் போகிற பெண்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நடத்துகிற சங்கம் யாருடைய சங்கம்?

எங்கள் கரை உறவுகளிடமும் கேட்கிறோம். கரைவலை இழுத்தவருக்குப் பங்கு என்ன என்பது மீன் கரைக்கு வந்ததும் எல்லோர் முன்னிலும் தெரிந்துவிடும். மறைத்தால் ஊர் கேட்கும். அந்த வழக்கத்தை மலைக்கும் கொண்டுவாருங்கள். டிக்கெட் வெட்டுகிறவரிடம், "இங்க பறிக்கிற ஆக்களுக்கு ஈ.பி.எஃப். கட்டுறீங்களா?" என்று கேளுங்கள். பத்து வேன் வந்து பத்துத் தரம் கேட்டால் பதில் தேட வேண்டிவரும். (மலையகத்திலிருந்து கடை வேலைக்கு இறங்கிய பொடியன்மார் நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் நிற்கிறார்கள். அங்கேயும் இதையே கேட்கலாம்.)

பழத் தோட்டத்துக்குப் போகிற தாய்மாரே, அக்காமாரே, ஒரு கொப்பி வையுங்கள். திகதி, போன நேரம், வந்த நேரம், எத்தனை கிலோ, எவ்வளவு கையில் கிடைத்தது, அன்று மருந்தடித்தார்களா என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையிடம் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைக்கு எழுதப் படிப்பித்தது நாங்கள்தான். தனியாகப் போய் முதலாளியிடம் கேட்க வேண்டாம், மறுநாள் வேலை இருக்காது. மூன்று மாதக் கணக்குச் சேர்ந்ததும் கொப்பியைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். தொழில் காரியாலயத்துக்கு மனு எழுதுவதும், விசாரணை நாளில் உங்களோடு வந்து உட்காருவதும் எங்கள் வேலை. சந்தா கட்டியிருக்கிறீர்களா என்று யாரும் கேட்கமாட்டோம்.