அந்த 9-க்கு முப்பதாயிரமா?

காலை நடையில் என்னோடு வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போன மாதம் ஒருநாள் பேச்சே இல்லாமல் நடந்தார். என்னவென்று கேட்டேன்.

"பேரன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கான் சார். லேப்டாப் வாங்கணும். 7 போட்டது வேண்டாமாம், 9 போட்டதுதான் வேணுமாம். முப்பதாயிரம் ஜாஸ்தி. டெபாசிட்டைக் கலைக்கலாமான்னு பார்க்கிறேன்" என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பென்ஷன்காரரின் டெபாசிட்டில் கை வைக்கிற அளவுக்கு அந்த 9-ல் அப்படி என்ன இருக்கிறது?

கடையில் காட்டியவை இரண்டும் இன்டெல் ப்ராசஸர்கள். ஒன்று கோர் அல்ட்ரா 7 155எச். மற்றது கோர் அல்ட்ரா 9 185எச். இன்டெல்லே வெளியிட்டிருக்கும் விவரப் பட்டியலைத் தேடிப் படித்தேன். கோர் என்பதை உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கும் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 7-லும் 16 பேர், 9-லும் 16 பேர். வேகக்காரர்கள் 6, சிக்கனக்காரர்கள் 8, மகா சிக்கனக்காரர்கள் 2 என்ற பங்கீடும் அச்சாக அதேதான். கேஷ் நினைவகம் இரண்டிலும் 24 எம்.பி. உச்ச மின்தேவை இரண்டுக்கும் 115 வாட். உச்ச வேகம் மட்டும் ஒன்றில் 4.8 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 5.1. ஆறே கால் சதவீதம்! உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸிலும் கடுகளவு வேகம் கூடுதல்.

அந்த ஆறே கால் சதவீதமாவது முழுசாகக் கைக்கு வருமா? மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வாட் கணக்கோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்க ஆசை. சிப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் உச்சத்தில் எட்டிப் பிடிக்கும் அந்தக் கடைசிக் கொசுறு வேகத்துக்குத்தான் மின்சாரம் அதிகம் போகிறது. போகிற மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் மாறும். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் எழுபது, எண்பது வாட். விரல் தடிமன் பெட்டிக்குள் 115 வாட் சூட்டை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? சில விநாடிகள், மிஞ்சினால் ஒரு நிமிடம் போல முழு வேகத்தில் ஓடவிட்டு, பிறகு லேப்டாப்பே மின்சாரத்தைக் குறைத்துவிடும். எந்த அளவுக்குக் குறைப்பது என்பது லேப்டாப் செய்கிறவர் வைப்பது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அதைச் சொல்லாது. ஒல்லிப் பெட்டியில் மூச்சு முட்டும் 9-ஐ, நல்ல விசிறியுள்ள கனத்த பெட்டியில் இருக்கும் 7 நீண்ட வேலையில் முந்திவிடும்.

பேட்டரிக் கணக்கும் பாருங்கள். 75 வாட்-அவர் பேட்டரியில் 115 வாட் இழுத்தால் நாற்பது நிமிடம்கூட நிற்காது. வகுப்பில் ப்ளக் பாயிண்ட் தேடித்தான் உட்கார வேண்டும்.

"புது ஜெனரேஷன் சார்" என்பது அடுத்த மந்திரம். 2023 ஜனவரியில் வந்த ஐ9 13980எச்.எக்ஸில் 24 கோர், 5.6 கிகாஹெர்ட்ஸ். மறு வருடம் ஜனவரியில் வந்த 14900எச்.எக்ஸிலும் அதே 24 கோர், அதே 36 எம்.பி. கேஷ், அதே 157 வாட் உச்சம். வேகம் 5.8. இதற்குப் பெயர் புதுத் தலைமுறையாம். ஏ.எம்.டி.யும் சளைத்ததில்லை. ரைசன் 9 7940எச்.எஸ்., அதற்குப் பின் வந்த 8945எச்.எஸ். இரண்டுக்கும் 8 கோர், 5.2 கிகாஹெர்ட்ஸ். செயற்கை நுண்ணறிவுக்கான பகுதியைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு, 7-ஐ அழித்து 8 எழுதிவிட்டார்கள். ஆப்பிள் இந்த விஷயத்தில் சற்று நேர்மை. ஒரே எம்3 சிப்பை விசிறி இல்லாத ஏரிலும் விசிறி உள்ள ப்ரோவிலும் வைத்து, ஒரே பெயரில்தான் விற்றது. ரேமுக்கு அவர்கள் வாங்கும் கூடுதல் காசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு பதிவு வேண்டும்.

9 யாருக்குமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மேஜையில் வைத்து, எப்போதும் கரண்டில் செருகி, மணிக்கணக்காக வீடியோ எடிட் செய்து சம்பாதிப்பவர் 24 கோர் வாங்கட்டும், போட்ட காசை எடுத்துவிடுவார். முதல் வருடம் சி, பைத்தான் படிக்கிற பிள்ளைக்கு எதற்கு? "அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்கிறார்கள். ஐந்து வருடத்தில் லேப்டாப்பைக் கிழடாக்குவது பெரும்பாலும் ரேம் போதாமையும் பேட்டரியும்தான். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமைப் போர்டோடு சாலிடர் வைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. பணம் இருந்தால் அங்கே போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேரனையும் அழைத்துக்கொண்டு மூவருமாகக் கடைக்குப் போனோம். 9 போட்ட மாடலைக் காட்டி, "தம்பி, இதுல ப்ராசஸர் தொடர்ந்து எத்தனை வாட்ல ஓடும்?" என்று கேட்டேன். விற்பனைப் பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார்ஜர் 100 வாட் சார்" என்றான்.

முதலில் சிரித்தது பேரன்தான். 7 போட்டதையே 32 ஜி.பி. ரேமோடு வாங்கினோம். ரேமுக்கு எட்டாயிரம் கூடுதல் ஆயிற்று.