கட்டடத்துக்குத் தடை ஆணை, நமக்கு புல்டோசர்

அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள், தோழர்களே. 1897இல் ஒரு வெள்ளைக்கார மருந்துக் கம்பெனிக்காக எழுப்பப்பட்டது. பிறகு காப்பீட்டு அலுவலகமாகி, எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006இல் எல்.ஐ.சி. அதை இடிக்கத் தொடங்கியது. பாரம்பரிய ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கக்கூடாது என்றது. நல்ல தீர்ப்பு, நாமும் வரவேற்கிறோம். ஆனால் காப்பாற்றிய கட்டடம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது.

அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் ராஜா அண்ணாமலைபுரம். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர். தலித்துகளும் பிற உழைக்கும் மக்களும் தலைமுறைகளாக வாழ்ந்த 250க்கும் மேற்பட்ட வீடுகள். 2022 ஏப்ரல் கடைசியில், உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டி, ஆக்கிரமிப்பு என்று இடிக்க வந்தார்கள். பொதுத்தேர்வு நெருங்கிய நேரம். பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார்கள். பெரும்பாக்கத்துக்குப் போ என்றார்கள். ஒருவர் தீக்குளித்து இறந்த பிறகுதான், மயிலாப்பூர், மந்தைவெளியிலேயே வீடு தருவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ஆக, நகரத்துக்குள் நமக்கு இடம் இல்லை என்பது பொய். ஒரு உயிர் போனதும் இடம் கிடைத்துவிட்டதே!

நியூயார்க்கின் நிதி வட்டாரத்தில், 25 வாட்டர் ஸ்ட்ரீட் என்ற பழைய அலுவலகக் கோபுரத்தை 1,300க்கும் மேற்பட்ட வீடுகளாக மாற்றினார்கள். வரிச்சலுகை வேண்டுமென்றால் கால் பங்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்பது நிபந்தனை. முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே இது நடக்கிறது. இங்கே பாரம்பரியக் கட்டடம் என்றால் மியூசியம், கஃபே, கைவினைக் கடை. அதற்குமேல் யாருக்கும் யோசனை ஓடுவதில்லை.

சும்மா குடியிருப்பாக மாற்றினாலும் போதாது. மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி, தி. நகரில், அடையாறில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். ‘வெஜ்ஜா?’ என்பதுதான் முதல் கேள்வி. சாதியைக் கேட்பதற்கு அது நாசூக்கான வழி. பழைய அலுவலகத்தைத் தனியார் பில்டரிடம் கொடுத்தால், அதே கேள்வி கேட்டில் செக்யூரிட்டியோடு உட்கார்ந்திருக்கும்.

அதனால் நாம் கேட்பது இதுதான். அரசும் பொதுத்துறையும் பூட்டி வைத்திருக்கும் பழைய அலுவலகக் கட்டடங்களின் பட்டியலை வெளியிடுங்கள். எவை உறுதியாக இருக்கின்றன என்று பொறியாளர்கள் சொல்லட்டும். குடியிருக்கத் தகுந்தவற்றை வாரியத்தின் மூலம் வாடகை வீடுகளாக்குங்கள். நகரத்துக்குள்ளிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் துரத்தப்பட்டவர்களுக்கு முதல் ஒதுக்கீடு கொடுங்கள். பட்டியலை அவர்கள் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனு எழுத இரண்டு பக்கம் போதும், மாணவர்களே.