பை சுமந்தோர் பந்தாடலாகாதா?

சென்ற திங்கள் நம் சங்க வாசகசாலைக்கு எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் வந்தார். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். கையில் துருவேறிய இரும்பு மட்டை ஒன்று இருந்தது. ஊரைவிட்டுப் போன அதிகாரி ஒருவர் வீட்டுப் பழைய சாமான்களோடு வந்த கோல்ஃப் மட்டை அது. "என் பேத்தி இதை எடுத்து ஆடுகிறாள்; வீட்டில் ஏசுகிறார்கள். உங்கள் பத்திரிகையில் ஒரு வார்த்தை எழுதுங்கள், தம்பி" என்றார். தெருவார் நகைக்கின்றனராம். "துரைமார் ஆட்டம் நமக்கெதற்கு?" என்று பெண்ணின் தந்தையே கேட்கின்றாராம்.

அக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இத்தங்கவயலில் கால்வைத்த பின்னர், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் மூட்டை முடிச்சுடன் வந்து குடியேறினர். வெள்ளை அதிகாரிகள் தமக்கென மன்றமும் கோல்ஃப் திடலும் அமைத்துக்கொண்டனர். அத்திடலில் நம்மவர்க்கும் இடமிருந்தது, மட்டைப் பையின் அடியில். பை சுமக்கும் பையனுக்குக் 'கேடி' என்று பெயர். காவல் நிலையப் பட்டியலில் ஏறியவனையும் அப்பெயரிட்டே அழைக்கும் நம் நாட்டில், பிள்ளையைக் கேடி வேலைக்கு அனுப்பிய தாய்மார் மனம் என்ன பாடுபட்டதோ!

பெரியவரும் சிறுவயதில் பை சுமந்தவரே. எந்தச் சரிவில் பந்து இடப்புறம் ஒதுங்கும், எவ்விடத்தில் கல்லில் பட்டுத் தெறிக்கும் என்பதெல்லாம் அவர் கால்களுக்குப் பாடம். நீர் அரிதான ஊர்களில் குழியைச் சுற்றிப் பசும்புல் வளர்ப்பதற்கு மாறாக எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி வைப்பர். அம்மணலைச் சமன்செய்யும் முறையைக்கூட நமக்கு விரலால் மேசைமேல் வரைந்து காட்டினார். ஒரு மாலை, துரை அப்பால் சென்றிருந்த வேளையில், ஓர் அடி அடித்துப் பார்த்தாராம். "பந்து போனது போனதுதான், தம்பி. தேடி எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. தொலைந்திருந்தால் கூலியில் பிடித்திருப்பார்கள்." அதன்பின் அவர் ஒருநாளும் அடிக்கவில்லை. திடலின் ஒவ்வோர் அங்குலமும் அறிந்தவர் வாழ்நாளில் ஆடியது அந்த ஓர் அடிதான்!

இவ்வாட்டத்தில் நம் உள்ளத்தைக் கவர்ந்தது அதன் கணக்குமுறை. பதினெட்டுக் குழிகளிலும் பந்தை விழச் செய்ய, பெரும்பாலான திடல்களில் 72 அடிகள் என்பது தேர்ந்த ஆட்டக்காரனின் அளவு. புதியவன் ஒருவன் 94 அடிகள் எடுத்துக்கொள்கிறான் என்க. அவனுக்கு 'ஹேண்டிகேப்' என்னும் சலுகை 24 எனில், அவன் கணக்கு 70 ஆகின்றது. சலுகையே இல்லாத வல்லவன் 71 அடித்தால், வெற்றி புதியவனுக்கே. தாத்தாவும் பேத்தியும் ஒரே பந்தயத்தில் மனமொப்பி ஆட இடந்தரும் விளையாட்டுகள் மிகச் சிலவே. கால்பந்தை உயிரெனப் போற்றும் நம் ஊரில்கூட, அறுபது வயதானவரை யாரும் திடலுக்குள் அழைப்பதில்லையே!

பணக்காரர் ஆட்டம் என்ற வசை நம் தெருவில் மட்டும் எழுந்ததன்று. சீனத்தில் பொதுவுடைமை ஆட்சி 1949இல் ஏற்பட்ட பின்னர் இவ்வாட்டம் முதலாளிகளின் கேளிக்கை என்று விலக்கப்பட்டது. 1984இல்தான், சன் யாட் சென் பிறந்த சோங்ஷான் பகுதியில், புதிய திடல் ஒன்று திறக்கப்பட்டது. கூலிக்காக அன்றி ஆர்வத்தால் ஆடும் அமெச்சூர்களுக்கென ஆசிய பசிபிக் போட்டி 2009இல் தொடங்கியபோது, அது நடைபெற்ற இடமும் சீனத்தின் ஷென்சென் நகரமே. 2012இல் குவாங்சௌ நகரச் சிறுவன் குவான் தியான்லாங் அப்போட்டியில் வென்றான். மறு ஆண்டு அமெரிக்காவில் உலகப் புகழ் வாய்ந்த மாஸ்டர்ஸ் போட்டியில் நின்றபோது அவனுக்கு வயது பதினான்கு! தாமதமாக ஆடினான் என்று ஓர் அடி தண்டமிட்டனர். முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டு நான்கு நாளும் ஆடி முடித்தான். அமெச்சூர்களுள் முதலிடமும் அவனுக்கே. சீனத்தில் இது ஏழையரின் ஆட்டமாகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. விலக்கப்பட்ட ஆட்டத்தைக்கூட ஒரு தலைமுறைக்குள் பிள்ளைகள் கையில் சேர்ப்பிக்க முடிந்ததே, அதைத்தான் சொல்கிறோம்.

நம் அண்டை நகரமாகிய பெங்களூரில் மட்டைப் பை சுமந்து வளர்ந்த முனியப்பா 2009இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். அதே நகரத்து அதிதி அசோக், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். அங்கே அவருடைய பையைச் சுமந்தவர் யார் தெரியுமா? பெற்ற தாயார். அச்செய்தியைச் சொன்னபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை.

செலவை நாம் மறைக்கவில்லை. நகரத்து மன்றங்களின் உறுப்பினர் கட்டணம் நம் வீடுகளுக்கு எட்டாக்கனி. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின், விடியுமுன் மாரிக்குப்பம் வண்டியேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்லும் குடும்பங்களிடம் பன்னிரண்டு மட்டை வாங்குக என்று சொல்வது கேலியாகும். ஆயினும் தொடக்கத்திற்கு ஒரு மட்டை போதும். இருபது கஜத் தொலைவில் ஒரு கூடையை வைத்துப் பந்தை அதில் விழச் செய்யும் பயிற்சிக்கு மன்றம் எதற்கு? ஒன்று மட்டும் நினைவிற்கொள்க: பந்து கல்லைப்போல் கடினமானது. ஆடுபவர் முன்னும் பக்கத்திலும் குழந்தைகள் நிற்றலாகாது; வீடுகளை நோக்கி அடித்தலும் கூடாது.

வரும் திங்கள் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, சங்கத்தின் பின்புறத் திடலில் இப்பயிற்சியைத் தொடங்க எண்ணியுள்ளோம். ஆண், பெண் பிள்ளைகள் இருபாலரும் வரலாம். வீட்டில் பழைய மட்டையோ பந்தோ கிடந்தால் வாசகசாலையில் ஒப்படைக்க வேண்டுகிறோம். பேத்தியின் தந்தையிடமும் நேரில் பேசினோம். "பத்தாம் வகுப்புத் தேர்வு கெடாமல் இருந்தால் சரி" என்ற அளவுக்கு இறங்கி வந்துள்ளார். பெரியவர் கற்றுத்தர இசைந்துவிட்டார். பையை மட்டும் தாம் தூக்குவதற்கில்லை என்றார்.