வீடும் வளவும்: வெட்டுமுன் ஓர் அரும்பு எடுங்கள்



சென்ற இதழில் முருங்கையைப் பற்றிப் பேசினோம். முருங்கை அவசரக்காரருக்கு ஏற்ற மரம். ஒரு தடியை நட்டால் வெகு சீக்கிரம் காய் தந்துவிடும். இம்முறை நாம் பேசப்போவது அதற்கு நேர்மாறான மரம். விதை போட்டவர் காய் பறிக்கப் பதினைந்து வருடமாவது காத்திருக்க வேண்டும். அதுதான் விளாமரம். விளாத்தி என்றும் சொல்வோம்.

"விளாம்பழத்துக்கு ஒரு கட்டுரையா? சந்தையில் வாங்கினால் தீர்ந்தது" என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள். இது ஒரு பழத்தின் கதை மட்டுமல்ல. உங்கள் வளவில் நிற்கும் ஒரு மரத்தை இழந்தால், அதே ருசியை மீண்டும் எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஊர்ப் பெயர்களில் ஒரு தோட்டம்

வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொட்டுத் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது நமது மட்டக்களப்பு வாவி. அதன் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அதை அடுத்த கடலோரத்திலும் உள்ள ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புளியந்தீவு, நாவற்குடா, தாழங்குடா, மருதமுனை, ஈச்சந்தீவு, பனிச்சையடி, இலுப்படிச்சேனை, விளாவட்டவான்! புளி, நாவல், தாழை, மருது, ஈச்சை, பனிச்சை, இலுப்பை, விளா என்று ஒரு தோட்டமே அந்தப் பெயர்களில் இருக்கிறது.

பெயர்கள் இருக்கின்றன, மரங்கள் இருக்கின்றனவா? "யானை உண்ட விளாம்பழம்" என்று ஒரு பழமொழி உண்டு. யானை விழுங்கிய விளாம்பழம் ஓடு உடையாமல் முழுசாக வெளியே வருமாம், உள்ளே சதை மட்டும் இராதாம். நமது ஊர்ப் பெயர்களும் அந்த ஓட்டைப் போல் ஆகிவிடக் கூடாது.

ஏன் முதலில் விளாமரத்தில் கத்தி விழுகிறது?

எங்கள் கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிப்பது வழக்கம். இருபது பேர்ச் வளவு, மூன்று பெண்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவளுக்கு முன்பக்கம், நடுவிலாளுக்கு நடுப்பக்கம், கடைசிக்காரிக்குக் கிணற்றடி. ஒவ்வோர் அத்திவாரம் வெட்டும்போதும் இரண்டு மரம் போகும். இலங்கையிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்றான காத்தான்குடியில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தென்னையை வெட்ட மனம் வராது. அது தினமும் கறிக்கு உதவுகிறது. மாமரத்தை வெட்டப் பிள்ளைகள் விடமாட்டார்கள். விளாமரமோ முள் உள்ளது, பழம் புளிக்கும், முப்பது அடி உயரத்துக்கு வளர்ந்து இடத்தை அடைக்கும். மேசன் கயிறு பிடித்து அளந்தவுடன், "இதை எடுத்துவிடுவோமே" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வது விளாமரத்தைத்தான்.

வளவில் போனால் வயலோரத்திலும் காட்டோரத்திலும் இருக்கிறதே என்று முன்னர் ஆறுதல் சொல்லலாம். ஆனால் 1990இன் பின் பல வருடங்கள் நம்மில் பலர் படுவான்கரையில் இருந்த தங்கள் காணிகளின் பக்கமே போக முடியாமல் இருந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்து திரும்பிப் பார்க்கும்போது, எந்த மரத்தில் நல்ல பழம், எந்த மரத்தில் வெறும் புளிப்பு என்று அறிந்திருந்த பெரியவர்களில் பலர் நம்மிடையே இல்லை. மரத்தோடு அதைப் பற்றிய அறிவும் போய்விடுகிறது, சகோதரிகளே.

குளிர்நாட்டார் செய்தது என்ன?

இனி வெகு தூரத்திலுள்ள குளிர்நாடுகளுக்கு ஒருமுறை போய் வருவோம். அங்கே 'கிராப் அப்பிள்' என்றொரு பழம் உண்டு. நாம் கடையில் வாங்கும் அப்பிளின் உறவுதான். ஆனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் பருக்காது. கடித்தால் பல் கூசும் புளிப்பு. பச்சையாகத் தின்ன விரும்புபவர் குறைவு. அப்படியிருந்தும் அங்குள்ள தோட்டக்காரர்கள் அதை வெட்டி எறியவில்லை.

புளிப்புப் பழத்தில் 'பெக்டின்' என்ற பொருள் நிறைய இருக்கும். ஜாமும் ஜெலியும் இறுகுவதற்கு அதுவே காரணம். இனிப்பு அப்பிள் மரங்கள் காய்க்க இன்னொரு வகையின் மகரந்தம் தேவை. கிராப் அப்பிள் நிறையப் பூத்து அந்த உதவியைச் செய்கிறது. மற்ற மரங்கள் கருகிப்போகும் கடும் பனியையும் அதன் பல வகைகள் தாங்கும்.

அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் நீல்ஸ் ஹான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். ருஷ்யாவிலிருந்து வந்த விதையில் முளைத்த ஒரு கிராப் அப்பிளைத் தெரிந்தெடுத்து 1917ஆம் ஆண்டு மக்களுக்கு வெளியிட்டார். அதன் பெயர் டொல்கோ. ருஷ்ய மொழியில் 'நீளம்' என்று பொருள். பழம் சற்று நீண்டிருக்கும். நூறு வருடம் கடந்தும் அந்த வகை இன்னும் இருக்கிறது. எப்படி? அப்பிள் விதையைப் போட்டால் தாய் மரத்தின் அதே பழம் கிடைக்காது. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணம். ஆகவே ஒரு மரத்திலிருந்து அரும்போ கிளையோ எடுத்து இன்னொரு கன்றில் ஒட்டி, அதிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஒட்டி, கைமாற்றிக் கைமாற்றியே காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இன்று நிற்கும் டொல்கோ மரங்கள் எல்லாம் அந்த முதல் மரத்தின் நீட்சிதான்.

யாராவது ஒருவர் கத்தியும் கன்றுமாக முன்வரும் வரைதான் ஒரு பழவகைக்கு ஆயுள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு நம் வளவுக்குத் திரும்புவோம்.

நம் புளிப்புக்காரி

விளா எலுமிச்சை, தோடைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு தெரியும். இந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். வருடத்தில் சில மாதம் மழையில்லாமல் காயும் பூமியே அதற்குப் பிடித்தம். சித்திரை பிறந்து புரட்டாதி வரை காயும் நமது மண் அதற்குப் பொருத்தமான இடம்.

சிலர் இதையும் வில்வத்தையும் குழப்பிக் கொள்கிறார்கள். வில்வத்தின் ஓடு வழுவழுப்பு, சதை மஞ்சள், ஒரு காம்பில் மூன்று இலை. விளாவின் ஓடு சாம்பல் பூத்த சொரசொரப்பு, பழுத்த சதை கபிலம், காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலை. சிங்களத்தில் வில்வத்தை 'பெலி' என்றும் விளாவை 'திவுல்' என்றும் சொல்வார்கள்.

விளாவிலும் இரு வகை உண்டு. ஒன்று பெரிய காய், சதையில் இனிப்பு கலந்திருக்கும். மற்றது சிறிய காய், சுத்தப் புளிப்பு. பெரியது சாப்பிட நல்லது. சிறியதை ஏளனமாகப் பார்க்காதீர்கள். கிராப் அப்பிளைப் போலவே இதுவும் ஜெலிக்கு உகந்தது. விளாவின் சதையிலும் பெக்டின் தாராளமாக உண்டு. விளாம்பழ ஜாம் போத்தல்களில் 'எம்.டி' என்று பார்த்திருப்பீர்கள். அது அரசாங்கத்தின் 'மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட்' என்ற பெயரின் முதலெழுத்துகள். அன்றே இந்தப் பழத்தின் மதிப்பு சிலருக்குத் தெரிந்திருந்தது.

பதினைந்து வருடம் காக்க வேண்டியதில்லை

"எனக்கு இருப்பதே ஆறு பேர்ச். முப்பது அடி மரத்தை எங்கே வைப்பது? பதினைந்து வருடத்தில் நான் இருப்பேனோ?" நியாயமான கேள்விகள்தான். இரண்டுக்கும் ஒரே விடை அரும்பொட்டு.

நல்ல பழம் தரும் மரத்தின் அரும்பை எடுத்து விளாங்கன்றிலேயே ஒட்டினால் மரம் குள்ளமாக நிற்கும். விதை மரத்தைவிட முந்திக் காய்க்கும். ருசியும் தாய் மரத்தின் ருசியாகவே இருக்கும்.

நன்றாகப் பழுத்த பழத்தின் விதைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, மணல் கலந்த மண்ணில் போடுங்கள். முளைத்த கன்றுகளைப் பொலித்தீன் பைகளுக்கு மாற்றுங்கள். தண்டு பென்சில் பருமனுக்கு வந்ததும் கன்று தயார். தாய் மரத்தில் தடித்த, இன்னும் விரியாத அரும்பைச் சிறிது பட்டையோடு சீவி எடுத்து, கன்றின் தண்டில் ஆங்கில 'டீ' எழுத்தைப் போல் கீறிய பட்டைக்குள் செருக வேண்டும். அரும்பு மட்டும் வெளியே தெரியும்படி பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். மூன்று வாரமளவில் அரும்பு பச்சையாக இருந்தால் ஒட்டிவிட்டது என்று பொருள். பின்னர் அதற்கு மேலுள்ள தண்டை நறுக்கிவிடலாம். எல்லா ஒட்டும் பிடிக்காது. ஐந்தாறு கன்றிலாவது ஒட்டுங்கள். முதல் தடவை பழகுபவர்கள் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து, கண்முன் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

நடும் இடம் வேலியோர மூலையாக இருக்கட்டும். முள் இருப்பதால் பிள்ளைகள் ஓடி விளையாடும் பக்கம் வேண்டாம். காய் கல்லைப் போல் விழும். தகரக் கூரைக்கு மேலே கிளை நீளவும் விடாதீர்கள்.

அடுப்படியில் விளா

காய் முற்றிவிட்டதா என்று பார்க்க ஓர் எளிய வழி: ஓரடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போடுங்கள். துள்ளினால் முற்றவில்லை. துள்ளாமல் விழுந்த இடத்தில் கிடந்தால் முற்றியது. முற்றிய காயை இரு வாரம் வெயிலில் வைத்தால் மணக்கப் பழுக்கும்.

விளா ஜெலி: அரைப் பழமாக நான்கைந்து உடைத்துச் சதையை எடுங்கள். மூழ்குமளவு தண்ணீர் விட்டு இருபது நிமிடம் மெல்லிய நெருப்பில் வேகவிடுங்கள். வெள்ளைத் துணியில் கட்டி இரவு முழுவதும் தொங்கவிடுங்கள். பிழியாதீர்கள்; பிழிந்தால் ஜெலி கலங்கும். வடிந்த சாற்றில் ஒரு கோப்பைக்கு முக்கால் கோப்பை சீனி, சில துளி தேசிக்காய்ச் சாறு சேர்த்துக் காய்ச்சுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு, விரலால் தொட்டால் சுருங்கும் பதத்தில் இறக்கிச் சூடாகவே சுத்தமான போத்தலில் ஊற்றுங்கள்.

விளாம்பழப் பானம்: பழுத்த சதையைத் தண்ணீரில் கரைத்து விதையை வடித்து, கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும், முதற் தேங்காய்ப்பாலும் கலந்தால் போதும். நோன்பு திறக்கும் வேளையில் நிறச்சாயம் கலந்த போத்தல் சர்பத்துக்குப் பதில் இதைக் கொடுத்துப் பாருங்கள். சீனி வியாதி உள்ளவர்கள் இனிப்பின் அளவில் கவனமாக இருக்க வேண்டும். மருந்தாகப் பாவிக்க விரும்புவோர் பக்கத்து வீட்டு யோசனையை விட்டு வைத்தியரைக் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள்

வீடு கட்ட வேண்டாம், மரத்தைத் தொடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகளுக்கு வீடு தேவை. மரம் வழியில் நின்றால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் மேசன் கயிறு பிடிக்கும் முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மரத்தின் பழம் எப்படி? வீட்டில் மூத்தம்மா இருந்தால் அவரிடமே கேளுங்கள். 1978 நவம்பர்ச் சூறாவளிக்கு முந்திய மரமா, யார் நட்டது, பழம் இனிப்பா புளிப்பா என்று அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். நல்ல மரமென்றால் கத்தி விழுமுன் ஆறு கன்றில் அரும்பு ஒட்டி, பிடித்தவற்றில் ஒன்றை உங்களுக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை வளவு உள்ள உறவினருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கன்று பட்டுப்போனாலும் ராத்தா வீட்டில் அதன் மரம் நிற்கும். அடுத்த பெண்பிள்ளைக்கு வீடு எழும்பும்போது அங்கிருந்து ஓர் அரும்பைக் கேட்டு வாங்கலாம்.

வெட்டிய பின்னர் வரும் கவலை எதையும் முளைக்க வைக்காது. இந்த மாதமே உங்கள் வேலியோரத்தையும் அயல் வளவையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.