கட்டணம் கட்டியவன் வழிவிட மாட்டான்

பொதுப் பூங்காக்களில் குழு சேர்ந்து ஓடுகிறவர்களைச் சாடி, சென்ற இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்திருக்கிறது. அதன் அடைமொழிகளையும் ஆவேசத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்: பூங்கா எல்லோருக்கும் பொது, எனவே கூட்டமாக ஓட வருகிறவர்கள் காசு கட்ட வேண்டும், கட்ட மறுத்தால் வெளியேற வேண்டும். முதல் கூற்றிலிருந்து இரண்டாவது எப்படிப் பிறந்தது? எல்லோருக்கும் பொது என்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில் ஒரு சாராரிடம் மட்டும் சுங்கம் வசூலிக்கச் சொன்னால், நடுவில் ஏதாவது ஒரு நியாயம் இருந்தாக வேண்டுமல்லவா? கட்டுரையாளர் அதைத் தரவில்லை. பதிலாக ஓர் ஊரைக் காட்டுகிறார்.

இங்கிலாந்தில் பிரிஸ்டலை ஒட்டிய ஸ்டோக் கிஃபோர்ட் அந்த ஊர். அங்குள்ள லிட்டில் ஸ்டோக் பூங்காவில் சனிக்கிழமை காலைகளில் பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடந்துவந்தது. ஏறக்குறைய 300 பேர் வருவார்கள். 2016 ஏப்ரலில் அவ்வூர் ஊராட்சி மன்றம், பராமரிப்புச் செலவைக் காரணம் காட்டி, ஓட்டத்துக்குப் பணம் கேட்பதென்று 6க்கு 4 என்ற வாக்குக் கணக்கில் முடிவெடுத்தது. யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, பூங்காவுக்கு வாடகையும் கொடுப்பதில்லை என்பது பார்க்ரனின் அடிப்படை. அமைப்பு மறுத்தது, ஓட்டம் நின்றுபோனது. கட்டுரையாளர் இதை உள்ளாட்சியின் துணிச்சல் என்று மெச்சுகிறார். அடுத்த ஆண்டே, 2017இல், இப்படிக் கட்டணம் கேட்பதை உள்ளாட்சிகளுக்குத் தடைசெய்வது குறித்துப் பிரிட்டன் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அப்போது ஆண்டது கன்சர்வேடிவ் கட்சி. சந்தையோடு எந்தப் பகையும் இல்லாத அந்தக் கட்சிக்கே உறுத்திய செய்கையைத் துணிச்சல் என்று எழுதுகிறவர், அந்த உறுத்தலை மட்டும் வாசகர் கண்ணில் படாமல் ஏன் மறைத்தார்? தெரியாமல் விட்டிருந்தால் அவர் உழைப்பு போதாது. தெரிந்தே விட்டிருந்தால் நேர்மை போதாது. எது என்று அவரே சொல்லட்டும்.

ஓட்டத்தையே அவர் பெருநிறுவனமொன்றின் ஆக்கிரமிப்பு என்று வர்ணிக்கிறார். 2004 அக்டோபர் 2ஆம் தேதி, லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹூவிட் என்பவர் கூட்டிய முதல் ஓட்டத்துக்கு வந்தவர்கள் 13 பேர். முடித்த வரிசையைக் குறிக்க இரும்புக் கடையில் வாங்கிய வாஷர்களில் எண் பொறித்துக் கையில் கொடுத்தார்கள். இன்று வாஷருக்குப் பதில் பிளாஸ்டிக் வில்லை. பதிவுக்கு ஒரு பார்கோடு. மற்றபடி முறை அதேதான். நேரம் குறிப்பவர், வில்லை கொடுப்பவர், திருப்பத்தில் நின்று வழிகாட்டுபவர் எல்லோரும் சம்பளமில்லாத அக்கம்பக்கத்து மனிதர்கள். கடைசி ஆளுக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு, எவரும் கடைசியாக வந்தோமே என்று குன்றிவிடக் கூடாது என்பதற்காக. தென்லண்டன் பூங்கா ஒன்றில் மினுங்கும் மஞ்சள் மேலங்கியோடு நானும் நின்றிருக்கிறேன். விளையாட்டுத் திடலின் வாசல் ஓட்டப்பாதையில் வந்து சேரும் இடம் என் பொறுப்பு. மூன்று சக்கர சைக்கிளில் ஒரு குழந்தை வந்தால் இரண்டு கையையும் விரித்து ஓட்டக்காரர்களை நிறுத்த வேண்டும். குழந்தை கடந்துபோகும், அவர்கள் நின்ற இடத்தில் மூச்சு வாங்குவார்கள், கடிகாரம் பாட்டுக்கு ஓடும். பாதை மூடப்படுவதே இல்லை. இதைத்தான் ஆக்கிரமிப்பு என்கிறார். ஒரு சனிக்கிழமை எட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லை எழுத அவருக்குக் கை வந்திருக்குமா?

இனி அவருடைய நியாயங்கள். ஓடுகிற கால்கள் பாதையைத் தேய்க்கின்றன என்பது முதலாவது. எந்தப் பாதையை? தார்ப்பாதையை என்றால், 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் நடந்த ஆஷோ சாலைச் சோதனைகளை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பொருள். சாலைக்கு நேரும் சேதம் அச்சில் இறங்கும் எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது; எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. புல்வெட்டும் எந்திரத்தை ஏற்றி வரும் வண்டியும் குப்பை வண்டியும் போகிற பாதையில், எழுபது கிலோ மனிதர் ரப்பர் காலணியோடு ஓடுவதைப் பழுதுக்குக் காரணமாக்குவது பொறியியலும் அல்ல, பொது அறிவும் அல்ல. புல்தரை வேறு விஷயம். மழைக்காலத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே தடத்தில் ஓடினால் அது சேறாகும், உண்மை. அதற்குத்தான் குளிர்காலத்துக்கென மாற்றுத் தடம் வைப்பதும், தரை மோசமானால் அந்த வார ஓட்டத்தையே ரத்து செய்வதும் நடக்கின்றன. சேற்றுக்கு வைத்தியம் தடத்தை மாற்றுவது. ரசீது கிழித்துக் கொடுத்தால் புல் முளைக்குமா?

கால்பந்துக் குழு பணம் கட்டுகிறதே, ஓட்டக் குழு ஏன் கட்டக் கூடாது என்கிறார் அடுத்து. கட்டுரை முழுவதிலும் கனமாகத் தோற்றமளிக்கும் வாதம் இது ஒன்றுதான். அவருடைய சிந்தனை எங்கே ஊனப்பட்டிருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதும் இதுவே. கால்பந்துக் குழு எதற்குப் பணம் கட்டுகிறது? புல்லை மிதிப்பதற்கு அல்ல. அந்த ஒன்றரை மணி நேரம் திடல் அவர்களுக்கு மட்டுமே என்ற உத்தரவாதத்துக்கு. ஆட்டத்தின் நடுவே நீங்கள் நாயோடு கோல் கம்பத்தைக் கடந்து உலாவ முடியாது. கோடுகள் அவர்களுக்காக வரையப்படுகின்றன, உடைமாற்றும் அறை அவர்களுக்காகத் திறக்கப்படுகிறது. பிறரை விலக்கி வைக்கும் உரிமைக்குத்தான் அங்கே விலை. பார்க்ரன் யாரையும் விலக்குவதில்லை. அதன் தொடக்க உரையில் ஒவ்வொரு வாரமும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது, பூங்காவுக்கு வந்திருக்கும் மற்றவர்களை மதியுங்கள் என்பதுதான். பிறரை விலக்காத ஒரு பயன்பாட்டுக்கு விலக்கும் பயன்பாட்டின் வாடகையை வாங்கினால் என்ன ஆகும் என்று கட்டுரையாளர் ஒரு நிமிடமாவது யோசித்தாரா? காசு கொடுத்தவன் கொடுத்ததற்கு ஈடு கேட்பான். இன்று கைத்தடியோடு வரும் முதியவருக்காக ஒதுங்குகிற அதே ஓட்டக்காரர், நாளை ரசீதை நீட்டி, நான் பணம் கட்டிய ஒரு மணி நேரத்தில் இவர் ஏன் என் பாதையில் நிற்கிறார் என்று கேட்பார். அப்படிக் கேட்க அவருக்கு உரிமையும் இருக்கும், ஏனென்றால் அந்த உரிமையைத்தான் ஊராட்சி அவருக்கு விற்றிருக்கும். நடப்பவர்களைக் காப்பாற்றப் புறப்பட்டவர் நடப்பவர்களின் கையில் இருக்கும் ஒரே பிடிமானத்தை, அதாவது அங்கே எவருக்கும் தனியுரிமை இல்லை என்ற நிலையை, விலை பேசிக் கொடுக்கச் சொல்கிறார். இதை அவர் சமத்துவம் என்று வேறு அழைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெளியூர்க்காரர்கள் வந்து ஓடுகிறார்கள், வரி கட்டுவது உள்ளூர்க்காரர்கள் என்பது இன்னொரு புகார். இந்த ஊர்க்காரர்கள் அடுத்த ஊர்ப் பூங்காவில் கால் வைப்பதே இல்லையா? கடற்கரைக்கும் காட்டுக்கும் போகும்போது வழிநெடுக நுழைவுக் காசு கொடுத்துவிட்டா போகிறார்கள்? பூங்கா வாசலில் காசு வாங்குவது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இங்கிலாந்து அதைச் செய்து பார்த்து விட்டொழித்த கதை. 1835இல் ரீஜென்ட்ஸ் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது வாரத்தில் இரண்டே நாள் அனுமதி. 1840இல் ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி டார்பி நகருக்கு அளித்த ஆர்போரீட்டம் என்ற மரத்தோட்டத்தில் வாரம் இரண்டு நாள் இலவசம், மற்ற நாட்களில் கட்டணம். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் சொன்ன காரணம். காசுள்ளவருக்கு ஏழு நாளும் பூங்கா, இல்லாதவருக்கு இரண்டு நாள். 1847இல் பொதுப்பணத்தில் அமைந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்த பர்கன்ஹெட் பூங்கா அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் பூங்கா அமைக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. 1906ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம், அத்தகைய நிலத்தைப் பொதுமக்களின் துய்ப்புக்கான அறங்காவலாக வைத்திருக்கச் சொன்னது. பொதுமக்களுக்கு என்றது சட்டம். வரி ரசீது வைத்திருப்பவர்களுக்கு என்று சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் போராடிப் பெற்றதைக் கட்டுரையாளர் ஒரு பத்தியில் திருப்பிக் கொடுக்கிறார். கொடுப்பது எது என்பதுகூட அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஓட்டக்காரர்கள் யார் என்பதிலாவது அவர் ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத வெறியர்கள், முதியவர்களை இடித்துத் தள்ளும் வேகப் பிசாசுகள். பின்பாதியில் அவர்களே மூன்று மூன்று பேராகக் கைகோத்து அரட்டையடித்துப் பாதையை அடைத்துக்கொண்டு நகரும் சோம்பேறிகள். இடித்துக்கொண்டு பறப்பவரும் அடைத்துக்கொண்டு ஊர்பவரும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும்? கோபம் முதலில் வந்து, காரணங்களைப் பிறகு தேடியதால் நேர்ந்த குழப்பம் இது. பந்தய வெறி என்ற குற்றச்சாட்டுக்குப் பார்க்ரனே பதில் சொல்லியிருக்கிறது: 2024 பிப்ரவரியில் அது தன் இணையதளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களை எடுத்துவிட்டது. பழைய ஓட்டக்காரர்கள் பலர் அதற்காகக் கொதித்தார்கள்; நடந்தே முடிக்கிறவர்களும் கூச்சமில்லாமல் வர வேண்டும் என்று அமைப்பு உறுதியாக நின்றது. அதற்கு முன்பே, 2018இல், பிரிட்டனின் பொதுமருத்துவர் கல்லூரி பார்க்ரனோடு கைகோத்து, பொதுமருத்துவர்கள் தம் நோயாளிகளை அருகிலுள்ள ஓட்டத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. கட்டுரையாளர் விரட்டச் சொல்லும் வெறியர்களில் மருத்துவர் அனுப்பிவைத்த சர்க்கரை நோயாளியும் இருக்கக்கூடும்.

குறுகிய பாதையில் நடப்பவர்களின் சிரமம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னாலிருந்து முப்பது பேர் ஓடிவரும் ஓசை, காது மந்தமான ஒரு பாட்டியைத் திடுக்கிட வைக்கும். ஒதுங்கச் சொல்லிக் கத்துகிற முரடர்களும் கூட்டத்தில் உண்டு. பாட்டி நடக்கிற வேகத்துக்குத்தான் அந்தப் பாதை கட்டுப்பட வேண்டும். ஒதுங்க வேண்டியவர் ஓடுகிறவர், எப்போதும். இரண்டு பேர் மட்டுமே போகக்கூடிய பாதையென்றால் தடத்தை மாற்று. கூட்டம் பெருத்தால் பக்கத்துப் பூங்காவில் இன்னொரு ஓட்டம் தொடங்கு. ஓரமாக இருக்கும் வழியை நடப்பவர்களுக்கென்றே விடு. 2023 ஏப்ரலில் பிரிட்டனின் பார்க்ரன்களில், நாயை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு ஓடக் கூடாது, கையில்தான் பிடிக்க வேண்டும் என்று விதி மாறியதே, பலர் இடறி விழுந்த பிறகு? இப்படிப்பட்ட ஒரு விதியையாவது கட்டுரையாளர் முன்வைத்தாரா? பாட்டியை முன்னிறுத்திக் கண்ணீர் விடுகிறார்; பாட்டிக்காக ஒரு வரி யோசனை இல்லை. பணம் வந்துவிட்டால் பாட்டிக்குத் திடுக்கிடல் நின்றுவிடுமா?

அந்தக் கண்ணீரில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் அவர் எழுதியவை அல்ல, எழுதாமல் விட்டவை. 2016இல் பிரிட்டனின் பாரம்பரிய லாட்டரி நிதியம் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மூன்று ஆண்டுகளில் தங்கள் நிதி வெட்டப்பட்டதாகச் சொன்ன பூங்கா மேலாளர்கள் 92 சதவீதம். பாதைகள் பெயர்ந்து கிடப்பதற்கு மூலகாரணம் இங்கே இருக்கிறது. வெட்டியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வடக்கு லண்டனின் ஃபின்ஸ்பரி பூங்காவில் ஒரு பெரும் பகுதியை உயர்ந்த சுவரால் அடைத்து, டிக்கெட் வாங்கிய பல்லாயிரம் பேருக்கு மட்டும் ஒயர்லெஸ் இசைவிழா நடத்த ஹேரிங்கே கவுன்சில் வாடகைக்கு விட்டது. ‘பூங்காவின் நண்பர்கள்’ அமைப்பினர் நீதிமன்றம் போய், 2017இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். நடக்கிறவரையும் ஓடுகிறவரையும் பாட்டியையும் குழந்தையையும் ஒருசேர வெளியே நிறுத்தியது அந்தச் சுவர். பூங்காவை மீட்கக் கிளம்பியவரின் கண்ணில் அது படவில்லை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஓடிவிட்டுப் போகிறவன் மட்டும் பட்டான். காசு கொடுத்தால் சுவரே எழுப்பலாம், கொடுக்காவிட்டால் ஓடவும் கூடாது என்பதுதானே இதன் பொருள்? அப்படியானால் அவர் காப்பது நடப்பவரை அல்ல. பொது இடத்தில் எதுவும் இலவசமாக நடந்துவிடக் கூடாது என்ற கொள்கையை.

இதே முறையைச் சென்னைக்கும் கொண்டுவர வேண்டும், மாநகராட்சிப் பூங்காக்களில் கூடும் குழுக்களிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்று சிபாரிசு செய்து கட்டுரையை முடித்திருக்கிறார். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒலிபெருக்கி இல்லாமல் பிள்ளைகள் பாடும் கச்சேரி பல ஆண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்பார்கள், விருப்பமில்லாதவர்கள் கடந்து போவார்கள். அதுவும் முன்கூட்டியே திட்டமிட்டுக் கூடும் குழு, வேறு பேட்டைக்காரர்களும் வருவார்கள், தரையும் மிதிபடும், ஒரு நிறுவனத்தின் ஆதரவும் அதற்கு உண்டு. ஓட்டக்காரர்களைக் குற்றவாளிகளாக்கிய அவருடைய ஒவ்வோர் அளவுகோலும் அந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. அவர்களிடமும் கட்டணம் கேட்கச் சொல்கிறாரா? சொல்கிறார் என்றால் அடுத்த கட்டுரையில் அதை வெளிப்படையாக எழுதட்டும். இல்லை, அவர்களுக்கு விலக்கு என்றால், எந்த விதியின்படி என்பதை எழுதட்டும்.